பதிலளிக்க வேண்டாம்

ஏழாயிரத்து இருநூறு பேருக்கு
ஒரே அமுக்கில் அனுப்பினேன், சித்திரை முதல் வாரம்.
ஆம்பூர் பைபாஸில் லாரிகளின் இரைச்சல்.
ஏசி பாதி நேரம், கரண்ட் பாதி நேரம்.
பொருள்: அவசரம்! இலவச மாதிரி! இன்றே கடைசி!
மூன்று ஆச்சரியக்குறியும்
முனவ்வர் சாஹிப் சொல்லி வைத்தவை.

மறுநாள் டீ கிளாஸோடு வந்து நின்றார்.
"இன்னாம்மா, ஊருக்கே பத்திரிகை வச்சோம்,
ஒருத்தரும் பந்திக்கு வரலியே."
ஒருவர் வந்திருந்தார், ஓசூரிலிருந்து:
உங்கள் பெயரில் யாரோ மோசடி செய்கிறார்கள், ஜாக்கிரதை
என்று எங்களுக்கே எச்சரிக்கை.

முடி வளர்க்கும் எண்ணெய்க்கும்
லாட்டரி விழுந்த வாழ்த்துக்கும் நடுவே
குப்பையில் கிடந்தது எங்கள் சேஃப்டி ஷூ,
இரும்பு மூக்கு வைத்தது, பதினோரு சைஸில்.

டொமைன் கணக்கில் மூன்று வரி சேர்த்தேன்.
இன்ன தொட்டியில் பதமான தோல் என்று
ஓரத்தில் குத்துகிற எண் மாதிரி,
எங்கள் வாசலிலிருந்துதான் புறப்பட்டது என்பதற்கு.

ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கியும் மறந்திருக்கிறேன்:
புதுசு கடிக்கும்.
முதல் நாள் ஐம்பது பேர்,
பெயர் சொன்னால் தெரிந்துகொள்கிற பழைய வாடிக்கைகள்.
மறுநாள் நூறு.
ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் இல்லை.

பிறகு பட்டியலைத் துடைக்க உட்கார்ந்தேன்.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில் என்று
எங்கள் பக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.
நானும் ஒன்று சேர்த்தேன்: ஆளில்லாத முகவரி.
ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று.
மூடிய கம்பெனி, வேலை மாறிப் போனவர்,
ஜிமெயிலில் ஒரு எழுத்தை விழுங்கியவர்,
எப்போதோ ஒரு கண்காட்சியில்
மிட்டாய்க்காகக் கண்ணாடிக் கிண்ணத்தில்
விசிட்டிங் கார்டு போட்ட முந்நூறு பேர்.
அவர்கள் எங்களைக் கேட்டவர்களே இல்லை.
"இருந்துட்டுப் போவட்டுமே, காசா பணமா?"
காசுதான் சார், என்றேன்.

அடியில், இனி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வாசல்.
சாம்பல் நிறத்தில், கடுகளவு போதும் என்றார்.
கறுப்பில் வைத்தேன், படிக்கிற அளவில்.
வெளியே போக வழி தெரியாதவன்தான்
கூச்சல் போடுவான்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது
அனுப்புநர் பெயர்:
பதிலளிக்க வேண்டாம்.
நான்கு வருடமாக அந்தப் பெயரில் எழுதிவிட்டு
பதில் வரவில்லையே என்று
உட்கார்ந்திருக்கிறோம்.
அழித்துவிட்டு அடித்தேன்:
குணவதி, விற்பனைப் பிரிவு.

ஆடி பிறந்தபோது
பத்தில் எட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.
நாக்பூரிலிருந்து நானூறு ஜோடி.
சாஹிப் ஒன்றும் சொல்லவில்லை;
ஆச்சரியக்குறி கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த வாரம் ஒருவர் வாசலை அழுத்தினார்.
காரணம் என்கிற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.
அவர் நிரப்பியிருந்தார்.

"தன்பாத்தில் கடை வைத்திருந்தேன்.
மார்ச்சில் மூடிவிட்டேன்.
சுரங்கத்துக்குப் போகிறவர்கள்
உங்கள் ஷூவைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.
உங்கள் கடிதம் வரும்போதெல்லாம்
கடை இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது.
அதனால் நிறுத்திவிடுங்கள்.
பினோத் மஹதோ."

எடுத்துவிட்டேன்.
எடுபட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஐந்தரைச் சங்கு ஊதி
தையல் பிரிவுப் பெண்கள் பேர்ணாம்பட்டு பஸ்ஸுக்கு ஓடும்போது
என் சொந்த முகவரியிலிருந்து
அவருக்கு நாலு வரி எழுதினேன்.
பொருள் என்ற இடத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்துவிட்டு
அப்படியே விட்டேன்.
பொருளில்லாத கடிதத்தைச் சந்தேகப்படுவார்கள்,
தெரியும்.
திறந்தாரா என்று காட்டிக்கொடுக்கிற
கண்ணுக்குத் தெரியாத புள்ளியையும்
அதில் வைக்கவில்லை.

எங்கே விழுந்ததோ.